நாலு டன் போதும் என்ற கம்ப்யூட்டர்

ஏசி வேலையில் ஒரு நியாயம் உண்டு: குளிர்ந்தால் மெஷினுக்குப் பேர், வேர்த்தால் அளவெடுத்தவனுக்குத் திட்டு. கணக்குப் போட்டுத் திட்டு வாங்கிய சகாக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. வேலூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். கட்டடத்தை டேப் பிடித்து அளந்து, எத்தனை ஜன்னல், எத்தனை விளக்கு, எத்தனை ஆள் என்று ஃபாரம் நிரப்பி மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்புவேன். எத்தனை டன் மெஷின் வேண்டும் என்பதை அங்கிருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும். ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்கு நாலு டன் என்றது. மாட்டினோம். சித்திரை கூடப் பிறக்கவில்லை, உள்ளே வேர்த்து ஊற்றுகிறது என்று கடை முதலாளி தயாளன் போன் போட்டுவிட்டார். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார் மேனேஜர். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதாம். வந்ததே கோபம்! சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஓர் எழுத்துகூட எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு பேர்

கடைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை கஸ்டமர் இருப்பார்கள் என்று ஃபாரத்தில் உள்ளபடி முன்பே தயாளனைக் கேட்டு, அவர் சொன்னபடி பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். இப்போது மூலையில் உட்கார்ந்து தலைகளை எண்ணினேன். களம்பூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. பொண்ணு, அம்மா, சம்பந்தியம்மா, நாத்தனார்கள், அத்தைகள், அவர்கள் இடுப்பில் குழந்தைகள் என்று முகூர்த்தப் புடவை ஒன்றுக்கு இருபத்திரண்டு பேர். அது எழுந்திருப்பதற்குள் சேத்துப்பட்டுக் கூட்டம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது.

இதுவா பன்னிரண்டு என்று தயாளனிடம் சண்டைக்குப் போனேன். அவர் துளியும் அசரவில்லை.

"கஸ்டமர் எத்தினி பேருன்னுதானே கேட்டீங்க? வாங்குறவங்க பன்னெண்டு பேர்தாங்க. மீதி பேரு கூட வந்தவங்க."

பின்சுவர்

அப்படியும் கணக்கு இடித்தது. பின்சுவரில் சாய்ந்தவன் துள்ளி எழுந்தேன். அப்படிச் சுட்டது. சுற்றிப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் சாயப்பட்டறை. சுவரை ஒட்டி அடுப்பு, அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் செப்புக் கொப்பரை. ஃபாரத்தில் நான் எழுதியிருந்தது, 'பின்னால் காலி அறை, சூடு இல்லை'. நான் அளவெடுத்த அன்றைக்கு அங்கே ஆளும் இல்லை, நெருப்பும் இல்லை.

சாயம் போடும் கோவிந்தசாமி நூலைக் கொப்பரையில் புரட்டிக்கொண்டே நான் என்றைக்கு வந்தேன் என்று கேட்டார். நாளைச் சொன்னேன். மனுஷர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நெசவுக்காரர் ஊருக்கு ஏழு வருஷமாகப் போய் வருகிறவன், இது தெரியாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

"அன்னிக்கி அம்மாவாசை சார். ஊர்ல தறியே ஓடாது, நான் மட்டும் அடுப்பு பத்த வெச்சிகினு இருப்பனா?"

கதவு

கடைசிச் சூடு கண்ணெதிரே நடந்தது. ஒரு புடவை பிடித்துப்போனால் கடைச் சிப்பந்தி அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போவார், கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போகும். வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் கலர் நிஜமாம். இந்தப் போக்குவரத்துக்காகக் கதவு இரண்டையும் விரியத் திறந்து செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பங்குனி வெயில் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் செங்கல்லை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பொண்ணுக்கு அம்மா திரும்பி வந்து திறந்தார்.

"உங்க மெஷினுக்காக ட்யூப்லைட்ல கலர் பாத்து எடுத்துட்டு, நாளைக்கி சம்பந்தி வீட்ல நான் பேச்சு வாங்கணுமா?"

கையெழுத்து

வேலூர் திரும்பி மூன்றையும் எழுதினேன். அமாவாசையில் அளந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். கூட வருகிறவர்களைக் கேட்கவும், திறந்தே கிடக்கும் கதவைச் சொல்லவும் உங்கள் ஃபாரத்தில் இடமே இல்லை, அதற்கு நான் பொறுப்பில்லை என்றும் எழுதினேன்.

மேனேஜர் முதல் தப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடிக்கச் சொன்னார். ஃபாரம் தப்பு என்று மெட்ராசுக்கு எழுதினால் அவர் நாற்காலி ஆடுமாம். மூன்றும் சேர்ந்துதான் போகும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்று டேப்பை மேசைமேல் வைத்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அவர் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"இதே மாதிரி நாலு பேர்கிட்ட எழுதி வாங்கிகினு வீட்டுக்கு அனுப்பிட்டேன்யா. அவங்களும் சரியாத்தான் அளந்திருப்பாங்களோ?"

எனக்கு வேலை மிஞ்சியது, கடைக்கு இன்னும் இரண்டு மெஷின் வந்தது, அந்த நாலு பேருக்கு மட்டும் 'உங்கள் மேல் தப்பில்லை' என்று கம்பெனி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதால்தான் ஏசிக்காரன் பேனா பிடித்திருக்கிறேன்.