சித்தப்பா கட்டையாக்கிய துவக்கு

சித்தப்பாவுக்கு அந்த யோசனை புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும்போதுதான் வந்தது. மெசினில் பூட்டிய நீளக் குழாய் நடுவில் கழன்றுவிட, அந்த இடத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்குச் சீறியது. நுனியில் அது எப்போதும் சோம்பலாகத்தான் வழியும். இடுப்பில் நனைந்த சாரத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியே பிள்ளை, குழாய் கட்டையானாச் சீற்றம் கூடும். உன்ரை துவக்கும் உப்பிடித்தான்."

அது கொழும்பில் வேலை பார்த்த என் ஐயா கொண்டுவந்த காற்றுத் துவக்கு; காற்றின் தள்ளலில் ஈயச் சன்னம் பாயும். பெரியம்மாவின் மகனுக்கும் எனக்கும் பொதுவாகத் தந்திருந்தார். வருசப்பிறப்புக்கு வரும்போது சாட்டிக் கடற்கரையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தொங்கவிடுவதாகவும், அதை விழுத்துகிறவருக்கே துவக்கு என்றும் சொல்லியிருந்தார். நான் அந்த அண்ணனைவிட நன்றாகச் சுடுவேன். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், ஒருவருக்கும் பிடிக்காது.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது துவக்கு கதிரையில் கிடந்தது, குழல் அறுபட்டுக் கட்டையாக. வெட்டிய துண்டின் நுனியோடு போன, குறிபார்க்கும் முன்குறியைக் கழற்றி, மிச்சக் குழலில் கம்பியால் கட்டியிருந்தார் சித்தப்பா.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"பொம்பிளைப்பிள்ளைக்கு உது பாரம். இப்ப உன்ரை அளவு."

இது என்ன, பாவாடையா? துவக்கைக் கையில் எடுத்தேன்.

"தண்ணியும் காத்தும் ஒண்டே? சன்னம் குழலுக்குள்ளை நிக்குமட்டும்தான் காத்துத் தள்ளும். கட்டையாக்கினா வேகம் செத்துப்போம்!"

"ஓம், விஞ்ஞானி அம்மா சொல்லுறா," என்றான் அண்ணன்.

வேலியில் கவிழ்த்திருந்த தகரப் பேணியைக் குறிவைத்தேன். தவறியது. மறுபடியும் தவறியது. அண்ணனுக்கும் தவறியது. வேகம் செத்ததை எல்லாருக்கும் காட்டவென்று, நான் வழக்கமாகச் சுட்டுப் பழகும் வாழைக்குற்றிக்குக் கிட்டப் போய்ச் சுட்டேன். ஓட்டைக்குள் ஈர்க்கை விட்டு ஆழம் பார்த்தேன். நேற்று இதே கிட்டத்தில் சுட்ட ஓட்டைக்குள்ளும் விட்டேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆழம்.

"பார், வேகம் குறையேல்லை!" சித்தப்பா கைதட்டினார்.

"கூடவும் இல்லை!"

ஈர்க்கை முறித்து எறிந்தேன். அவர் பிழை. நானும் பிழை. அதுதான் இன்னும் பொறுக்க ஏலாமல் இருந்தது. ஆத்திரத்தில் குழல்வாயை விரலால் அழுத்தினேன்; கீறியது. குனிந்து பார்த்தேன். அளவுகோல் இல்லாமல் கண்மட்டத்துக்கு அறுத்த வாய் ஒரு பக்கம் சரிந்து, விளிம்பில் இரும்புப் பிசிறு நின்றது.

வாய் சரிந்திருந்தால் காற்று ஒரு பக்கத்தால் முந்திப் பாய்ந்து சன்னத்தின் பின்பக்கத்தைத் தட்டிவிடும் என்று பல வருசம் கழித்துத்தான் படித்தேன். கம்பியால் கட்டிய முன்குறியும் பொய் சொல்லும் என்பதோ, கண்ணுக்கும் முன்குறிக்கும் இடைவெளி குறைந்தால் சின்னப் பிசகும் பெரிதாகும் என்பதோ அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இனி இதைத் திருத்துவதென்றால் என் கைதான் என்பது மட்டும் விளங்கியது.

"சித்தப்பா, அரத்தைத் தாங்கோ. வாயை நேராக்கப்போறன்."

"இன்னும் கட்டையாகுமே?"

"ஆகட்டும். நீங்கள் குழலை அசையாமல் பிடியுங்கோ. பிடிச்சாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."