மைக்கை அணைத்து வைத்திருந்த இரண்டு பேர்

மூன்று வருடம் நான் ஆணாக இருந்தேன். தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் மட்டும்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதாரில் போன் நம்பர் மாற்றுவது, ஜெராக்ஸ். காலையில் நிற்க இடமிருக்காது. மதியம் வெயில் ஏறிவிட்டால் ஒரு ஆள் எட்டிப் பார்க்க மாட்டார். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனைக் கையில் எடுப்பேன்.

எல்லோருக்கும் தெரிந்த வகை விளையாட்டுதான். நான்கு பேர் ஒரு அணி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, துப்பாக்கியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு இருக்கிற அணிக்கு வெற்றி. இதை எழுதும்போதே கட்டைவிரல் துடிக்கிறது.

முதல் நாள் மைக்கைப் போட்டுத்தான் ஆடினேன். "பின்னாடி ஆள் இருக்காங்க" என்று மூன்று வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. "டேய், பொண்ணுடா!" என்றான் ஒருவன். "எந்த ஊரு? நம்பர் குடு" என்றான் இன்னொருவன். நான் பதில் சொல்லாததால் மூன்றாமவன் என் காலடியிலேயே குண்டு வீசிக் கொன்றான். என் சொந்த அணிக்காரன்!

அன்றே மைக்கை அணைத்தேன். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிது தொடங்கினேன். உப்பளத்து வரப்பில் முட்டையிடும் ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, படத்துக்கு ஒரு கறுப்பு பைக்கைப் போட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் அதில்தான் ஆடுகிறேன்.

பைக் படம் போட்டதும் உலகமே மரியாதையாகிவிட்டது. எல்லோருக்கும் நான் "ப்ரோ". அந்தச் சமயத்தில்தான் ஒரு தமிழ் ஃபோரம் கண்ணில் பட்டது. பழைய போன் வைத்திருப்பவர்கள் திணறாமல் ஆடுவது எப்படி என்று பேசிக்கொள்ளும் இடம். என் போன் பழைய போன்களுக்கெல்லாம் பழைய போன். அதில் நான் செய்து பார்த்த ஒவ்வொரு தந்திரத்தையும் எழுதினேன். ஆறு மாதத்தில், யாருக்காவது திரை உறைந்தால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு வந்தேன். வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றக்கூட என்னை யாரும் கேட்டதில்லை!

அந்த ஃபோரத்தில்தான் என் அணி அமைந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர், சேலத்தில் படிக்கிற ஒரு மாணவர், நான், அப்புறம் கேப்டன். கேப்டனும் மைக் போட மாட்டார். தட்டச்சிலேயே கட்டளை வரும். சின்னச் சின்னதாக, தப்பே இல்லாமல். "மொதல்ல மேட்டப் புடி. மேல நின்னு பாத்துட்டு அப்புறம் எறங்கு." இதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவார். ஏதோ மில்லில் ஷிப்ட் போலிருக்கிறது, நாற்பது வயது இருக்கும், மீசை வைத்திருப்பார் என்று நானே ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம், சித்திரை வெயிலில் உப்பு வாரும் நாட்களில், ஃபோரத்தில் ஒருவர் "உங்க ஊர் வானத்தைப் போடுங்க" என்று ஆரம்பித்தார். மலை, மாடி, மின்கம்பம் என்று ஆளாளுக்குப் போட்டார்கள். எங்கள் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. சாயங்காலம் அவருக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது, பாத்திகளில் நின்ற தண்ணீரெல்லாம் ஆரஞ்சு நிறமாகிக் கிடந்தது. வெள்ளைக் குவியல்களின் ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறம். ஒரு படம் எடுத்தேன். ஆள் யாரும் இல்லை, பலகை இல்லை, பெயர் இல்லை. போட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் கேப்டனிடமிருந்து தனிச் செய்தி வந்தது.

"இது மரக்காணம்தானே? கால்வாய்ப் பாலத்த தாண்டி இடது பக்கம்."

ஒரு வானம், நாலு உப்புக் குவியல். அதை வைத்துப் பாலம் வரைக்கும் வந்துவிட்டார்! எழுந்து போய்க் கதவுக்கு வெளியே பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு நாய். கறுப்பு பைக்கில் ஒருவர் போனபோது குனிந்தே விட்டேன்.

போட்ட படத்தை நீக்கினேன். ஃபோரம் கணக்கை முடக்கினேன். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினேன். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து போனின் முன்பக்க கேமராவில் ஒட்டினேன். அதற்கும் பயம் அடங்காமல், ஒருவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க பயம் போய் ஒரு வெறி பிடித்தது. நான் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும், எடுத்த இடம் எழுதியிருந்தது! டார்ச் அடிக்கிற செயலி ஒன்று என் தொடர்பு எண்களை எல்லாம் பார்க்க அனுமதி வாங்கி வைத்திருந்தது. நான்தான் கொடுத்திருந்தேன். என் பெயரைப் போட்டுத் தேடினேன்; பள்ளியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய படம், அப்பா பெயரோடு வந்தது. சென்டரின் பெயரைப் போட்டு மேப்பில் பார்த்தேன். யாரோ வாடிக்கையாளர் போட்ட கடைப் படத்தில், வாயில் பேனாவைக் கடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு ஒட்டடை அடிப்பது போல ஒரு வாரம் அடித்தேன். ஒவ்வொரு அனுமதியை அணைக்கும்போதும் எதிரணி ஆள் ஒருத்தரைச் சுட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

விளையாட்டுக் கணக்கை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. மூன்று வருடத்துப் புள்ளிகள். எட்டாவது நாள் மதியம் பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடலாம் என்று திறந்தேன். கேப்டனின் செய்திகள் வரிசையாக நின்றன. கடைசிச் செய்தி இது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நான் தெனம் பஸ்ல அந்த வழியாதான் வர்றேன், அதான் தெரிஞ்சிது. கேட்டிருக்கக் கூடாது. என்கிட்டயும் ஒரு ரகசியம் இருக்கு. பயிற்சி மைதானத்துக்கு வாங்க. நான் மைக் போடுறேன். நீங்க போட வேணாம்."

போனேன். விளையாட்டுக்குள் இருக்கிற அந்த ஆளில்லாத மைதானத்தில் எங்கள் இரண்டு பொம்மைகளும் எதிரெதிராக நின்றன. காதுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"கேக்குதுங்களா? நான் உங்க பக்கத்து ஊரு, கூனிமேடுங்க."

நான் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

குனிந்து எடுத்தபோது அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. "மொத நாளே மைக்ல அசிங்கமா பேசுனாங்க. அதோட ஆஃப் பண்ணிட்டேன். மூணு வருசமா வாயத் தொறக்கல. உங்க படத்த பாத்ததும், நம்ம ஊர் பையன் ஒருத்தன் இவ்ளோ நல்லா ஆடுறானேன்னு சந்தோசத்துல கேட்டுட்டேன். அல்லா சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

நம்ம ஊர் பையன்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த ஒரு வாரத்தில் நான் படித்திருந்தேனே, குரலை மாற்றுகிற செயலி இருக்கிறது. அதனால் மைக்கைப் போடாமல் தட்டினேன். "நேர்ல பாக்கலாமா? பொது இடத்துல."

"பாக்கலாம். நாளைக்கு ஒன்றரை மணிக்கு, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு. பச்சைக் கொடை வெச்சிருப்பேன். நீங்க எந்த அடையாளமும் சொல்ல வேணாம். பாத்துட்டு புடிக்கலன்னா அப்படியே போயிடுங்க."

மறுநாள் ஒரு மணிக்கே போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு இல்லை. எதிரே இருக்கிற ஃபேன்சி ஸ்டோரின் மாடிக்கு. அங்கே ஜன்னல் ஓரமாக வளையல் மாட்டியிருப்பார்கள். வளையல் பார்ப்பது போல நின்றால் பஸ் ஸ்டாண்டு முழுவதும் தெரியும். புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, இன்னொன்று வந்தது. பச்சைக் குடை இறங்கவில்லை. ஒன்றரை தாண்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியபோதுதான், பக்கத்தில் இன்னொரு பெண்ணும் வளையலைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கறுப்பு புர்கா, தோளில் ஒரு துணிப் பை. பைக்குள்ளிருந்து பச்சைக் குடையின் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

என் வாயிலிருந்து தானாக வந்தது. "மேட்டப் புடிச்சிட்டீங்களா, கேப்டன்?"

அவர் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது. கையை வாயில் வைத்துக்கொண்டு, "யம்மா! நீயா? நீ பிரவுசிங் சென்டர் பொண்ணாச்சே!" என்றார்.

எனக்கும் முகம் பிடிபட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற அக்கா. டாக்டர் சாயங்காலம்தான் வருவார், அதனால் மதியம் லேபும் காலி. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு உட்காருவார்.

"என் பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் நீதான அப்ளை பண்ணிக் குடுத்த?" என்றார். "என் பிறந்த தேதி, வூட்டு அட்ரஸ், எங்க வூட்டுக்காரரு வருமானம் எல்லாம் உனக்குத் தெரியுமே."

"போன வருசம் காய்ச்சல் வந்தப்ப என் ரத்தத்தையே நீங்கதான் எடுத்தீங்க!"

"ஆமா, ஊசியப் பாத்து அழுதியே!"

இரண்டு பேரும் அந்தக் கடையிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தோம். ஒருவர் பெயரை ஒருவர் மறைத்து மூன்று வருடம் ஆடியிருக்கிறோம். ஆனால் அவர் வீட்டு விவரமெல்லாம் என் கம்ப்யூட்டரில், என் ரத்த விவரமெல்லாம் அவர் நோட்டில். கடைக்காரம்மா மேலே வந்து, "வளையல் எடுக்கறீங்களா இல்லியா?" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு டஜன் எடுத்தோம். வேறு வழி?

அன்றிலிருந்து சென்டரில் நான் வேறு ஆள். வருகிறவர்கள் பாஸ்வேர்டை உரக்கக் கத்தினால், "எழுதிக் காட்டுங்க, போதும்" என்பேன். வீணாகிப் போன ஜெராக்ஸைக் கிழித்துப் போடுவேன். முன்பெல்லாம் அது வடை மடிக்கப் போய்க்கொண்டிருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெரியவர், "எனக்கு என்னம்மா ரகசியம்? ஊருக்கே என்னைத் தெரியும்" என்றார். "ஊருக்குத் தெரியறது வேறங்க, ஊர் பேர் தெரியாதவனுக்குத் தெரியறது வேறங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் அடுத்த முறை கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஓடிபியை என் காதில் சொன்னார்.

மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். அக்காதான் முதலில் மைக்கைப் போட்டார். அடுத்தது நான்.

"ரெண்டு பேருமா?" என்றார் சேலத்து மாணவர். "நான் உங்க முன்னாடி என்னென்ன பேசியிருக்கேன்!"

"எல்லாம் கேட்டோம்" என்றார் அக்கா.

திருப்பூர்க்காரர் மட்டும் அசரவில்லை. "சரிங்க்கா, அத அப்புறம் பேசிக்கலாம். வட்டம் சுருங்குது, வண்டிய எடுங்க."

அடுத்த மாதம் ஃபோரத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். எட்டு அணிகள், நேரலை. விளையாடுகிறவர் அவர்தானா என்று தெரிய ஆளுக்கு ஒரு கேமரா வைக்க வேண்டும் என்றார்கள். நான் விலகிக்கொள்ளலாம் என்றேன். "எதுக்கு வெலகணும்?" என்று அக்கா நேராக நடத்துபவருக்கு எழுதினார். "முகம் காட்ட மாட்டோம். கையும் போனும் தெரியும். ஆடுறது கைதானே?" அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். என் ஜெராக்ஸ் மை படிந்த விரல்களும், அக்காவின் மருதாணி விரல்களும் நேரலையில் வந்தன. இரண்டு கைகளிலும் ஒரே கடை வளையல்.

அன்று சென்டரில் சர்வர் படுத்துவிட்டது. சான்றிதழுக்கு வந்த நான்கைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். நான் மேசைக்குப் பின்னால் போனோடு குனிந்திருந்தேன். கடைசி ஆட்டம். மூன்று அணிகள் மிச்சம். அப்போது அக்காவின் மைக்கில் கதவு தட்டுகிற சத்தம்.

"யாரோ மயக்கமா வந்திருக்காங்க, சுகர் பாக்கணும். நான் போறேன்."

"அக்கா, இப்பவா?"

"நீ பாத்துக்கோ. நீதான் கேப்டன்."

அவருடைய பொம்மை ஒரு பாறைக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்ய நேரமில்லை. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிற நேரலையில், என் குரலில்.

"திருப்பூர் அண்ணா, இடது பக்கம் புகை போடுங்க. தம்பி, நீ கெணத்து மேட்டுக்குப் போ. நான் வர்றவரைக்கும் சுடாத. சுடாத. இப்ப!"

இரண்டு பேர் விழுந்தார்கள். மூன்றாவது ஆள் அக்காவின் பாறையை நோக்கி ஓடினான். அவனை நான் வீழ்த்தினேன். நான்காவது ஆளைச் சேலத்துத் தம்பி வீழ்த்தினான். மிச்சமிருந்த அணி மேட்டின் கீழே, எங்கள் கண்ணுக்கு நேரே, பாத்தியில் நிற்கிற நாரை மாதிரி வெட்டவெளியில் நின்றது. மேலிருந்து மூன்று பேரும் சுட்டோம். திரையில் வெற்றி என்று தங்க எழுத்துகள் வந்தன.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பதறி எழுந்தார்கள். மீன் கூடையோடு வந்திருந்த அம்மா ஒருவர் கையிலிருந்த ஆதாரை நீட்டியபடி மேசைக்கு ஓடி வந்தார்.

"என்னாச்சும்மா? சர்வர் வந்துடுச்சா?"