பாம்பனில் பட்டுவாடா ஆகாத ஒரு கடிதம்

பெறுநர் இறந்துபோயிருந்தால் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். எந்தக் காரணத்தாலும் மூன்றாம் நபரிடம் கொடுக்கக் கூடாது. முப்பத்தோரு வருஷம் தபால் இலாகாவில் இருந்து, அதில் கடைசி ஒன்பது வருஷம் போஸ்ட்மாஸ்டராக, இந்த விதியைப் பிறருக்கு ஒப்பித்தவன் நான். நூறு வருஷத்துக்கு முன் பாம்பனில் யாரோ இதை மீறியிருக்க வேண்டும் என்ற சந்தேகத்தின் பேரில்தான் ஒரு சனிக்கிழமை காலை 6.40க்கு மதுரையில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, தொண்ணூற்றைந்து மைல், இரண்டு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.

சந்தேகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றபின் நான் எழுதிவரும் புத்தகம் சாமுவேல் தோர்ன்லி என்ற ஆங்கிலேயரைப் பற்றியது. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தும் வேலைக்குக் கணக்கராக வந்து, இந்தச் சீமையில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருப்பதை எதிர்த்து மனு மேல் மனு போட்டவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவர்களுக்குக் குருமார் கிடையாது, சிலுவை வைத்த பீடம் கிடையாது, எந்தப் பொருளுக்கும் புனிதம் கிடையாது. யார் கேட்டாலும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

வேலாயி என்ற அடிமைப் பெண் எஜமானிடமிருந்து தப்பி வந்தாள். அவள் வழக்கில் சாட்சி சொல்லப் போன தோர்ன்லி பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய மறுத்தார். சாட்சி செல்லாது என்றார்கள். வேலாயியை எஜமானிடமே ஒப்படைத்தார்கள். ‘நான் செய்தது சரியா?’ என்று அவர் தங்கை ஹன்னாவுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் நகலை ஹன்னாவின் கொள்ளுப்பேத்தி இங்கிலாந்திலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார். ஹன்னா பதில் போட்டதாக அவள் குறிப்பேட்டில் இருக்கிறது. அதற்குள் தோர்ன்லி காய்ச்சலில் இறந்துவிட்டார். விதிப்படி திரும்பிப் போயிருக்க வேண்டிய பதில் திரும்பவே இல்லை.

பாம்பனில் ஒரு மீனவக் குடும்பத்தில் கால்வாய் வேலைக்கு வந்த ஒரு துரையின் காகிதங்கள் ‘துரை பொட்டலம்’ என்ற பெயரில் இருப்பதாக என் பழைய சகா ஒருவர் எழுதினார். குடும்பத் தலைவர் சவரிமுத்துவுக்கு மூன்று கடிதம் போட்டேன், மூன்றாவதோடு பதில் கார்டும் வைத்தேன். பதில் இல்லை.

பரமக்குடி தாண்டியதும் எதிரே உட்கார்ந்திருந்த கீழக்கரைச் சங்கு வியாபாரி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வெள்ளைக்காரன் போயி பதினோரு வருசமாச்சு. இன்னும் அவன் காயிதத்தத் தேடிக்கிட்டா போறீக?”

“அடிமை கூடாதென்று வழக்காடியவர்.”

“செயிச்சாரா?”

“தோற்றார்.”

“அப்பச் சரி. செயிச்சவனுக்குத்தான் நெறைய பேரு புத்தகம் போடுறாகளே.”

பகல் 12.50. காற்றுக்குப் பயந்து பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தது. பாம்பன் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே அரை மைல் மணலில் நடந்தேன். வழியிலேயே மாதா கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. சவரிமுத்து வீடு எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் நின்ற வீடுதான். முந்தின நாள் சாயங்காலம் இறந்திருந்தார். அடக்கம் நான்கு மணிக்கு.

கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. கிழவரின் மார்பில் ஜெபமாலை, அதன்கீழே பாய்த்துணியில் தைத்த ஒரு பொட்டலம்: நான் தேடி வந்த துரை பொட்டலம். வருஷத்தின் முதல் தொழிலுக்குப் படகு இறக்கும்போது அதை அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், கட்டி, மந்திரித்த தண்ணீர் தெளிப்பார்களாம். பிரித்தால் அதன் சக்தி போய்விடுமாம். எந்தப் பொருளுக்கும் புனிதம் கிடையாது என்று வாழ்ந்தவரின் காகிதங்கள்! தன்னோடு புதைக்க வேண்டும் என்பது கிழவரின் கடைசிச் சொல்.

மகள் ரோசம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள்.

“மூணு கடுதாசி போட்டது நீங்கதானா? அய்யா மூணையும் அடுப்புல போட்டுட்டாரு சார்.”

“ஏன்?”

“உள்ள என்ன இருக்கும்னு பயம். எங்க வம்சத்து மொதப் பொம்பள வேலாயி. சட்டம் மாறி விடுதலையானதும் இங்கன திரும்பி வந்திருக்கா. துரை காய்ச்சல்ல கெடந்தாராம். கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துனது அவதான். அவரு பொட்டி அவகிட்ட வந்துச்சு. செத்தப்புறம் வந்த தபாலையும் தபால்காரன் அவ கையிலயே குடுத்துட்டான். அன்னைலருந்து நாங்க ‘துரை வச்சிருந்தவ வீடு’. போன மாசம் எம்மகளுக்குத் தங்கச்சிமடத்துல பேசுன எடம் அதச் சொல்லித்தான் நின்னுபோச்சு. இன்னைக்கு அந்தப் பொட்டலம் மண்ணுக்குள்ள போயிட்டா அந்தப் பேச்சு எங்களுக்கு நெலச்சுப்போகும்.”

“பிரித்துப் பார்த்து, அது உண்மையென்று இருந்தால்?”

“இருந்தா இருக்கட்டும். உள்ளது தெரியணும்.”

மணி 2.40. அவள் அண்ணன் சந்தியாகுவிடம் போனோம். அவனுக்கு என்னைப் பார்த்ததும் எரிந்தது.

“ஏத்தா, அய்யா சொல்லு காத்துல போறதுக்கா? தச்சதப் பிரிச்சுட்டு நாளைக்குக் கடலுக்கு நீ போவியா, நான் போவனா?”

“பொட்டலந்தான் குழிக்குப் போகுதே! பெறகு எத அணியத்துல கட்டப்போற?”

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். பெட்டி செய்த தச்சர் ஆணிகளைத் துணியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மணி 3.05. சந்தியாகு கடைசியில் சொன்னான்: “ஒரே ஒரு காயிதம். மத்தது அய்யாவோட போகும். மாதா மேல சத்தியம் பண்ணுங்க, கூட்டாம கொறைக்காம வாசிப்பேன்னு.”

நான் மாதாவைக் கும்பிடுகிறவன் அல்ல. ஆனாலும் உத்தியோக காலத்தில் இலாகா நீட்டிய இடத்திலெல்லாம் சத்தியம் செய்து பழகிய கை, தயங்காமல் உயர்ந்தது. தோர்ன்லியின் கை உயரவில்லை. அதனால் ஒரு பெண் பிடிபட்டாள்.

ரோசம்மா பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தாள். பன்னிரண்டு கடிதங்கள். பதினொன்று திறந்தவை; எனக்குப் புத்தகம் முழுக்க வேண்டியவை அவைதான். பன்னிரண்டாவதில் அரக்கு உடையவில்லை; ஹன்னாவின் பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை எடுத்து அரக்கை உடைத்தேன்.

‘ஆறாம் மாதம், பன்னிரண்டாம் நாள்’ என்று ஆரம்பித்தது. மாதங்களுக்குத் தேவதைகளின் பெயர் சொல்லக் கூடாதென்று அந்தச் சபையாருக்கு எண்தான். வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

“சாமுவேல், அந்தப் பெண் உன் சமையல்காரர் வீட்டில் ஒளிந்திருந்தாள் என்றும், நீதிமன்ற வாசலில்தான் அவள் முகத்தையே முதலில் பார்த்தாய் என்றும் எழுதியிருக்கிறாய். சத்தியம் செய்யாததால் உன் மனசாட்சியில் கீறல் விழவில்லை. அடி அவள் முதுகில் விழுந்தது. சரியா என்று என்னைக் கேட்காதே. உன்னை மன்னிக்க எனக்கு உரிமையில்லை. அவள் உயிரோடு இருந்தால் இதை அவள் பாஷையில் அவளுக்குச் சொல். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுது.”

சந்தியாகு எழுந்துபோய் வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தான்.

“இன்னொரு தடவ வாசிங்க சார். சத்தமா. தங்கச்சிமடத்து ஆளுக வெளிய நிக்காக. துரை அவ மொகத்த மொதல்ல பாத்ததே கோர்ட்டு வாசல்லதான்னு அவுகளும் கேக்கட்டும்.”

சத்தமாக வாசித்தேன். தலைமைத் தபாலாபீஸில் பட்டுவாடா ஆகாத பார்சல்களை ஏலம் கூறியபோதுகூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

ரோசம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “பிடிச்சுக் குடுக்கக் காரணமா இருந்த ஆளுக்கா சார் கஞ்சி ஊத்துனா?”

“ஆமாம்.”

“அப்ப அந்தம்மா கேட்டதுக்கு எங்க ஆளு பதிலச் சொல்லிட்டாளே. அதையே எழுதி அனுப்புங்க.”

நான்கு மணி. பதினொரு கடிதங்களும் பாய்த்துணிக்குள் போய், பெட்டிக்குள் போயின. ஒவ்வோர் ஆணிக்கும் என் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் போனது. நகல் எடுக்க அரைமணி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. கேட்க வாய் வரவில்லை. மதுரையில் என் வீட்டு அலமாரியில் ரசீதுகள்கூட வருஷவாரியாக இருக்கின்றன. இந்த வீட்டில் ஒரு தாளை நூறு வருஷம் யாரும் வாசிக்காமலே காப்பாற்றியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது ரோசம்மாவிடம் இருக்கட்டும் என்றான் சந்தியாகு. அதை மடித்துக் கொடுக்கும்முன் முதுகுப்புறத்தைப் பார்த்தேன். புறப்பட்ட ஊரின் முத்திரை இருந்தது. பட்டுவாடா ஆனதற்கு அடையாளம் எதுவும் இல்லை. பென்சிலை எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் எழுதினேன்: வேலாயியின் வாரிசு ரோசம்மா பெற்றுக்கொண்டார், பாம்பன், 9 ஆகஸ்டு 1958.