கண்ணாடித் தொட்டிக்கு எதிரே இருந்த கடிகாரம்

நான் நான்கு நிமிடம் மூச்சடக்கியதே இல்லை. ஒருநாளும் இல்லை! இராஜபாளையம் பொருட்காட்சியில், மீன்கள் நீந்தும் பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கி நான் செய்துகாட்டியது இரண்டு நிமிடம் இருபது விநாடி. மீதியைச் செய்தது கடிகாரம்.

தொட்டிக்கு எதிரே சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் பெட்டியில் ஒரு சுவிட்ச். மேலே தட்டினால் சரியான நேரம். கீழே தட்டினால் எண்கள் விரைந்து ஓடும். நான் தண்ணீருக்குள் இருக்கும்போது மைக் பிடித்துப் பேசுபவர் அதைக் கீழே தட்டிவிடுவார். நீங்களும் அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டியிருக்கலாம். கையிலிருந்த செல்போனில் என்னைப் படம் எடுத்தீர்களே தவிர, மணி பார்த்தீர்களா? அது என் குற்றமா?

இந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. கூமாப்பட்டிக் கிணறுகளில் குதித்துப் பழகியவள் நான். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்தவளுக்கு அந்தத் தொட்டிதான் சோறு போட்டது. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய கறுப்பு உடைதான் போட்டிருப்பேன். ஆனாலும் ஊரில், "ஒடம்பக் காட்டிப் பொழைக்கா" என்றார்கள். நான்கு நிமிடம் என்று தெரிந்ததும் அதே வாய்கள் பெருமை பேசின. பேசட்டுமே!

நான் மறைத்தது வேறு...

என் அத்தை மகன் பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களோடு வந்தான். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டத் தேர்வு. வயது வரம்புப்படி அவனுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. எனக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும்.

"ஏட்டி, நாலு நிமிசமெல்லாம் ஒரு பேச்சா? நம்ம கெணத்துல நான் முங்குனா, நீ வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வரலாம்!" என்றான், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி.

மைக் பிடித்திருந்தவர் விடுவாரா? "வாங்க தம்பி, எறங்கித்தான் பாருங்களேன்" என்று அழைத்துவிட்டார்.

கடிகாரப் பெட்டியின் அருகே அன்று நான்தான் உட்கார்ந்தேன். சுவிட்சைக் கீழே தட்டியிருந்தால் எனக்கு ஓடியதுபோலவே அவனுக்கும் ஓடியிருக்கும். நான் மேலே தட்டினேன்.

ஏன்? அவன் ஜெயித்துவிட்டால் மறுநாள் என்னை யார் பார்க்க வருவார்கள்? அது மட்டும்தானா? இல்லை... பொய் சொல்ல மாட்டேன். அவன் தோற்று, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருவதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சிறுவயது முதல் எல்லாவற்றிலும் அவனுக்கே முதல் பங்கு. ஒரே ஒரு முறை, எனக்கு!

தொட்டியின் அடியில் கம்பியைப் பிடித்தபடி அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று நாற்பது. இரண்டு. இரண்டு பத்தில் அவனுடைய அடிவயிறு துள்ளத் தொடங்கியது. அந்தத் துள்ளலை நான் அறிவேன். உடம்பு காற்றுக்குக் கெஞ்சுகிறது என்று அதற்குப் பொருள். எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். மேலே வா என்று கையைக் காட்டியிருக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன்!

அவன் நான்கு என்ற எண்ணுக்காகக் காத்திருந்தான். நானே தொடாத நான்கு...

இரண்டு நாற்பதில் அவன் கை கம்பியை விட்டது.

அப்போதுதான் குதித்தேன். அவனைத் தூக்கி மேலே கொண்டுவந்தேன். நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விட்டது, காய்ச்சல் கண்டுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது நாட்கள் கிடந்தான். வெள்ளிக்கிழமை காலை, மைதானத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது போய் நிற்க ஆளில்லை.

அத்தை என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ள பொழச்சதே ஒன்னாலதான் தாயி" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சே! என்ன பிறவி நான்!

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் அவனை இறங்கச் சொன்னது நானா? மூச்சு முட்டியும் மேலே வராத அவன் வீம்புக்கு நான் பொறுப்பா? அதை நான் ஏற்க மாட்டேன். யார் வந்து கேட்டாலும் ஏற்க மாட்டேன். சுவிட்சைத் தட்டிய விரல் என்னுடையது. வயிறு துள்ளியதைப் பார்த்த கண்ணும் என்னுடையது. அவற்றை மட்டும் யார்மீதும் தள்ள முடியவில்லை.

இப்போது பாண்டி இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். போன மாதம் நான் அங்கே வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நின்றபோது, கூட வேலை செய்பவர்கள் இருவரோடு எதிரே வந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"ஏலே, இவ யாரு தெரியுமா? எங்க மாமன் மக. தண்ணிக்குள்ள நாலு நிமிசம் இருந்தவ! நான் ரெண்டே முக்காலு கூடத் தாங்கல. இவகிட்டத் தோத்ததுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லலே."

அவன் தோற்கவில்லை. என்னைவிட இருபது விநாடி அதிகம் இருந்தான். அவன்தான் ஜெயித்தான்... உலகத்தில் இது எனக்கு மட்டுமே தெரியும். தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால், பிறகு அந்த வெள்ளிக்கிழமைத் தேர்வு யாரால் போனது என்றும் சொல்ல வேண்டுமே!

"நெசமாவாக்கா? நாலு நிமிசமா?" என்று அவர்களில் ஒருவன் வாயைப் பிளந்தான்.

பாண்டி என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெசந்தான்" என்றேன்.