விதானை எழுதிய விதவை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் பொலநறுவையில் லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். தேற்றாத்தீவில் அம்மாவும் போனாள், வீடும் காணி உறுதிப் பத்திரமும் போயின. தங்கச்சி மட்டும் மிஞ்சினாள். யுத்தம் முடிந்த பிறகும் அவள் தகரக் கொட்டிலில்தான் இருந்தாள். அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பதென்றால், அந்த வீட்டு வளவு அம்மாவுடையது என்பதற்குப் பழைய அத்தாட்சி வேண்டுமாம். ஊரே சாட்சி சொன்னது. அரசாங்கக் கந்தோருக்கு ஊர் போதாது, காகிதம் வேண்டும்.

யுத்தத்துக்கு முந்திய சனத்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் எழுதிய வீட்டுப் பட்டியல்கள் களுவாஞ்சிக்குடிக் கந்தோரில் ஓர் அலுமாரிக்குள் கிடந்தன. அங்கே இருந்த எழுதுவினைஞர் வெளியூர்ப் பட்டதாரி. அப்பா பிறந்த களுவாஞ்சிக்குடிப் பட்டியலையே புரட்டி, அப்படியொரு குடும்பம் இல்லையென்று எங்களை இரண்டு தரம் திருப்பியனுப்பினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான்; வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இது தெரியும்.

மூன்றாம் தரம் அம்மாவின் ஊரான தேற்றாத்தீவுப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். கரையான் தின்ற மிச்சத்தில் அம்மா இருந்தாள்: வீட்டுத் தலைவர், விதவை. அவளுக்குக் கீழே நான். அப்பா அந்த நாட்களில் வாவிக்கு அப்பால் வயல்வட்டையில் வேளாண்மைக் காவலில் இருந்தார். விதானை வந்தபோது வீட்டில் ஆம்பிளையைக் காணவில்லை, கேட்கச் சோம்பல். ஒரு சொல்லில் ஆளை முடித்துவிட்டார். அதற்குப் பிறகும் அப்பா எத்தனையோ வருசம் சோறு தின்றுதான் செத்தார்.

எழுதுவினைஞருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. “அம்மா அப்பவே விதவை. தங்கச்சி பிறந்தது ரெண்டு வருசத்துக்குப் பிறகு. அப்ப தகப்பன் ஆர்?”

“விதானைக்கிட்டக் கேளுங்க சேர். அவர்தானே அப்பாவச் சாக்காட்டினவர்.”

“பகிடியை விடும். பதிவு சரியெண்டு ரெண்டுபேரும் கையெழுத்து வைச்சால் வளவு தங்கச்சிக்கு. திருத்திறதெண்டால் கொழும்புக்கு எழுதவேணும், எத்தினை வருசம் போகுமோ.”

நான் பேனையைத் தொடவில்லை. தங்கச்சி அதைப் பிடுங்கினாள்.

“என்ன அண்ணன், பெரிய மானஸ்தன்! மழைக்கு ஒழுகுறது உங்கட தலையிலயா? நீங்க மறுகா லொறியில ஏறிப் போயிருவீங்க. நான் ஆருக்குப் பிறந்தனான் எண்டு எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியாட்டி இரிக்கட்டும்.”

அவள் கையெழுத்து வைத்தாள். நானும் வைத்தேன். எழுதுவினைஞர் சீல் குத்தி, ஊதி ஈரம் காயவைத்து, இப்போதுதான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்.