ஓர் ஆளுக்கு இடம்

பேய்க்குப் பயந்தவன் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் "உமக்குச் சின்னனிலயே பயந்த சுபாவமாக்கும்" என்றுதான் தொடங்குவார்கள், எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது. திருகோணமலை டொக்யாட் றோட்டில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. நாள் முழுக்க இருட்டறையில் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் நின்றவன் நான். அது மட்டுமா, தனியே போய்ப் படம் எடுத்துப் பழகியதே செத்த வீடுகளில்தான். பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரரை நிறுத்தி ஒரு படம் எடுக்காமல் எங்கள் பக்கம் பிரேதம் எடுக்கமாட்டார்கள். "முதல்ல செத்த வீட்டில பழகடா, முக்கியமான ஆள் அசையமாட்டார்" என்பார் முதலாளி. பாலையூற்றிலும் டவுனிலுமாக எத்தனை பிரேதத்தைப் படம் எடுத்திருப்பேன், ஒன்றாவது எழும்பி வந்து என்னைப் பிடித்ததில்லை. பேயாவது பிசாசாவது என்று சிரித்துக்கொண்டு திரிந்தவன்தான். பட்டப்பகலில், மேளச் சத்தத்துக்கு நடுவில், ஒரு கலியாண வீட்டில் இப்படி நடக்கும் என்று யார் கண்டது.

அன்றைக்குக் கிண்ணியாவில் ஒரு கலியாணம், சல்லியில் ஒரு கலியாணம். கிண்ணியா பெரிய இடம், அங்கே முதலாளி போனார். சல்லிக்கு என்னைத் தனியே அனுப்பினார். பேக்கரியில் பாணுக்கும் கடையில் துணிக்கும் வரிசையில் நிற்கிற காலம் அது, பிலிம் என்றால் பொன் மாதிரி. ஒரே ஒரு ரோல் தந்து, "செத்த வீடு இல்லையடா, தாலியை இன்னொருக்காக் கட்டுங்கோ எண்டு கேக்க ஏலாது. ஒண்டு பிழைச்சாலும் இந்தப் படி ஏறாதை" என்று சொல்லி அனுப்பினார். சாம்பல்தீவு தாண்டி, மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

போன இடத்தில் பந்தலுக்குப் பின்னால் சண்டை. பெண்ணின் தாய் மகேஸ்வரியும் அவளுடைய அண்ணனும். பெண்ணின் தகப்பன் மூன்று வருஷத்துக்கு முன் கடல் தொழிலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆனால் அந்த மனிசி கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"இன்னும் பொட்டோட நிண்டா மாப்பிளை வீட்டுக்காரர் என்ன கதைப்பினம்? ஊர் சிரிக்கப்போகுது, மகேசு" என்றார் அண்ணன்.

"பிரேதத்தைக் கண்டனீங்களோ அண்ணை? சோளகக் காத்தில அள்ளுண்டு பர்மாவில ஒதுங்கின ஆக்கள் திரும்பி வரயில்லையோ? அவர் வாற நேரம் நான் வெறும் நெத்தியோட நிக்கவோ?"

கடைசியில் அண்ணனும் பெண்சாதியும் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது, தாய் மணவறைக்குப் பக்கத்தில் வராமல் பின்னால் நிற்பது என்று முடிவானது. பெற்ற பிள்ளையின் தாலிகட்டை அவள் ஆட்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். நான் அட்சதை விழுகிற நேரம் பார்த்துப் பட்டனை அமத்தினேன்.

பிறகு குடும்பப் படம். வெளியே தென்னைகளுக்குக் கீழே, கடல் பின்னால் தெரிய, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கதிரைகளில் இருத்தி மற்றவர்களைப் பின்னால் நிறுத்தினேன். என்னுடையது மேல் மூடியைத் திறந்து குனிந்து கண்ணாடியில் பார்க்கிற கமரா. அதில் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். பதற்றத்தில் நான் வலப்பக்கம் என்று சொல்ல, எல்லாரும் நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் போனார்கள். மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி, "தம்பி, சோறு தின்னுற கை எதெண்டாவது தெரியுமோ?" என்று கேட்க, பந்தலே சிரித்தது. எனக்கு முகம் கறுத்துப்போனது.

அந்தச் சிரிப்புக்குள்தான் மகேஸ்வரியம்மா மெதுவாகச் சொன்னாள். வரிசையில் கடைசி ஆளாக, ஓரத்தில் நின்றவள் அவள். "தம்பி, எனக்குப் பக்கத்தில, இந்தக் கரையில ஒரு ஆளுக்கு இடம் விட்டு எடுங்கோ."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை, எல்லாருக்கும் விளங்கியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் இரண்டடி பின்னுக்குப் போய் இடம் விட்டுக் குனிந்தேன்.

கண்ணாடியில் அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றார்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கு அப்போது ஒரு மயிரும் சிலிர்க்கவில்லை. படம் எடுக்கும்போது எங்கிருந்தாவது ஒரு சொந்தக்காரர் ஓடிவந்து கரையில் ஒட்டுவார், அது எல்லாக் கலியாணத்திலும் நடப்பது. அப்படித்தான் நினைத்தேன். வெள்ளைச் சேர்ட், கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டி, கோடு போட்ட சாரம் கட்டிய மனிதர். பாதி உடம்பு படத்துக்கு வெளியே. குனிந்தபடியே சத்தம் வைத்தேன்: "ஐயா, கரையில நிக்கிற ஐயா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ. படத்துக்க விழமாட்டியள்."

திரும்பவும் எல்லாரும் சிரித்தார்கள், நான் மறுபடி இடம் வலம் குழம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. வந்தார். ஆனால் மகேஸ்வரியம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வந்து, பெண்ணுடைய கதிரையின் சாய்மானத்தில் கை வைத்து, நாடியை உயர்த்திக்கொண்டு, கண் சிமிட்டாமல் நின்றார். நல்ல படம் என்று நினைத்தேன். அமத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் சாப்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருக்கிறார்கள். வெள்ளைச் சேர்ட்காரரைக் காணவில்லை. அவரும் சாப்பிடப் போயிருப்பார் என்று நானும் போய் இலைக்கு முன்னால் இருந்தேன்.

பாதிச் சாப்பாட்டில் மகேஸ்வரியம்மா பருப்பு வாளியோடு வந்து எனக்கு முன்னால் குந்தினாள்.

"தம்பி, ஆரை உள்ளுக்கு வரச் சொன்னனீங்கள்?"

"உங்களுக்குப் பக்கத்தில நிண்ட ஐயாவைத்தானம்மா."

"என்ன உடுப்பு?"

நான் ஒரு மடையன், வாயில் சோற்றோடு சொல்லிக்கொண்டு போகிறேன். வெள்ளைச் சேர்ட், கழுத்துப் பொத்தான், கோடு போட்ட சாரம், முதல்முதல் படம் எடுக்கிற ஆள் போல விறைத்துக்கொண்டு நின்றது, எல்லாம். பாதியில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லையம்மா, வெயில்... நான் பிழையாப் பாத்திருப்பன்."

"நீங்கள் பிழையாப் பாக்கயில்லை" என்றாள். அழவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். "அவர் ஒருநாளும் படம் எடுக்க விட்டதில்லைத் தம்பி. எங்கட கலியாணத்துக்கே படம் இல்லை. படம் எடுத்தா ஆயுசு குறையுமாம், பெட்டைப்பிள்ளையைக் கரைசேர்க்குமட்டும் தனக்கு ஆயுசு வேணுமாம். கமராவைக் கண்டா அந்த ஒழுங்கையாலயே வரமாட்டார்." என் இலையில் பருப்பு விட்டாள். "அப்பிடிப்பட்ட மனுசன் இண்டைக்குத் தானா வந்து நிண்டவரெண்டா, இனிக் குறையிறதுக்கு அவரிட்ட என்ன கிடக்கு?"

சொல்லிவிட்டு எழும்பிப் போய் அடுத்த இலைக்குப் பருப்பு விட்டாள். அத்தனை பந்தியும் முடியும்வரை பரிமாறினாள். "வடிவாச் சாப்பிடுங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மாலையில் மகளைக் கட்டிப்பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள், அதுவரைக்கும் பொட்டு நெற்றியில்தான் இருந்தது. கார் போன பிறகு கடற்கரைக்கு இறங்கி, குனிந்து, முகம் கழுவினாள்.

திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து அதையே கேட்டுச் சண்டை பிடித்த அண்ணன் அதைக் கண்டதும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்ர தங்கச்சி" என்று குழந்தைப் பிள்ளை போலக் குழறி அழுதார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். மூன்று வருஷம் அவள் இழுத்துப் பிடித்திருந்த மனிதனை நான் ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் சாகடித்துவிட்டேனே என்று வழி முழுக்க அழுதேன்.

அன்றிரவே படத்தைக் கழுவினேன். மருந்துத் தண்ணீரில் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். மாப்பிள்ளை, பெண், அண்ணன், கேலி செய்த மாமி. ஓரத்தில் மகேஸ்வரியம்மா பொட்டோடு. அவளுக்குப் பக்கத்தில் விட்ட இடத்தில் வெறும் மணலும் கடலும். பெண்ணின் கதிரைக்குப் பின்னாலும் ஒருவரும் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. காய்ந்ததும் காயாததுமாக விடியவே எடுத்துக்கொண்டு சல்லிக்கு ஓடினேன். "அம்மா, பாருங்கோ, ஒருத்தருமில்லை. என்ர கண்தான் பிழை. பொட்டை வையுங்கோ, அவர் வருவார்" என்று கெஞ்சினேன், காலில் விழாத குறை.

அவள் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தாள்.

"நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு கொஞ்சக் காலம் கழித்து, பேத்திக்குப் படம் எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மனமில்லாமல்தான் போனேன். சுவரில் அந்தக் குடும்பப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. செத்தவர் படமென்றால் மாலை போடுவார்கள், இதில் உயிரோடு இருக்கிறவர்களும் இருப்பதால் மாலை இல்லை. கண்ணாடிமேல் ஒரே ஒரு சின்னச் சந்தனப் பொட்டு. தினமும் குளித்துவிட்டு வந்து அவள் வைக்கிறாளாம், மகள் சொன்னாள்.

அவளுக்குப் பக்கத்தில் விட்ட இடத்தில் இருக்கும் என்றுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. பொட்டு, பெண்ணுடைய கதிரைக்கு மேலே, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில், ஓர் ஆளின் நெற்றி வருகிற உயரத்தில் இருந்தது.

உள்ளுக்கு வாங்கோ என்று நான் கூப்பிட்டதை அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள், சரி. ஆனால் அவர் வந்து எங்கே நின்றார் என்று கண்டவன் நான் ஒருத்தன்தான். மகேஸ்வரியம்மா நேரே கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், படத்திலேயே தெரியும். அவளை விட்டு விலகி மகளிடம் போனார் என்று சொன்னால் அவளுக்கு இன்னும் நோகும் என்று, அன்றைக்கு இலைக்கு முன்னால் இருந்தும் நான் அதைச் சொல்லவில்லை. இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியும் அதை மட்டும் முதலாளிக்குச் சொல்லவில்லை, என் பெண்சாதிக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.