தம்பியின் கை, அக்காவின் கால்

அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு டேங்கர் அக்கா என்று பெயர். விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் லாரியை ஓட்டுபவள். ஆள் குள்ளம், குரல் நெட்டை. லாரி மூலை திரும்புவதற்கு முன்பே அவள் யாரையோ திட்டுவது வந்து சேர்ந்துவிடும்.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்குத் தானும் விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த ஆசையை மூட்டை கட்டி வைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஊழியர்களும் கற்றுக்கொள்ளலாம் என்று பள்ளியில் ஒரு விதி இருந்தது. அதுவரை அதை யாரும் சீண்டியதில்லை. அக்கா சீண்டினாள். சிக்கல் என்னவென்றால், அங்கே கற்றுக்கொடுக்கிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அம்மா அப்பா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, படிக்க வைத்து ஆளாக்கியவள் இவள். இப்போது அவன் வலது இருக்கையில் உட்கார்ந்து, "அக்கா, வேகத்தைக் குறை" என்பான். "ஏன்டா கத்துற, பக்கத்துலதான உக்காந்திருக்கேன்" என்பாள் இவள். மேலே அவன் வாத்தியார், கீழே இறங்கினால் இவள் வாத்தியார்.

அவள் கற்றுக்கொண்டது பள்ளியின் பழைய விமானத்தில். அதில் கைப்பிரேக். முன்பலகைக்குக் கீழே, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், ஒரு கைப்பிடி தொங்கும். அதை இழுத்தால் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றாகப் பிடிக்கும். கால் பெடல்களுக்குத் திசை திருப்புகிற வேலை மட்டும்தான். அக்கா தரையிறங்குவாள், கைப்பிடியைப் பிடிப்பாள், விமானம் பூப்போல நிற்கும். அன்று முழுக்க அதைப் பற்றியே பேச்சு. "நான் நிறுத்துற மாதிரி இங்க எவன் நிறுத்துறான், சொல்லு பாப்போம்?" என்று மெக்கானிக்கைப் பிடித்து உலுக்குவாள். அவர் தெரியாமல் ஆமாம் போடுவார். தம்பி தெரிந்தும் பேசாமல் இருப்பான்.

ஆனால் அவளைத் தனியாகப் பறக்க மட்டும் அவன் விடவில்லை. வாத்தியார் இறங்கிக்கொண்டு, "போய் ஒரு சுற்று சுற்றிட்டு வா" என்று சொல்கிற நாள்தான் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எல்லாம். அவளுக்குப் பின்னால் சேர்ந்த பொடிசுகள் எல்லாம் தனியாகப் பறந்து, கழுத்தில் மாலை போட்ட மாப்பிள்ளைபோல் திரிந்தார்கள். இவளுக்கு மட்டும் ஒரு நாள் காற்று சரியில்லை, ஒரு நாள் மேகம் சரியில்லை, ஒரு நாள் இரண்டும் நன்றாக இருந்தும் தம்பிக்குத் தலைவலி.

அப்போதுதான் பழைய விமானத்தின் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். இனி அக்காவுக்குப் புதுசு. புதுசு என்றால் அதற்கும் கல்யாண வயது ஆகியிருந்தது. பள்ளிக்குப் புதுசு, அவ்வளவுதான். அதில் கைப்பிடி கிடையாது. பெடலின் கீழ்ப்பாதியை மிதித்தால் திரும்பும், மேல்பாதியைக் கால்விரலால் அழுத்தினால் பிரேக். இடது காலுக்கு இடது சக்கரம், வலது காலுக்கு வலது சக்கரம். அதுவும் இடது இருக்கைக்கு மட்டும். வாத்தியார் பக்கத்துப் பெடல்களில் பிரேக்கே கிடையாது.

கிளம்புவதற்கு முன் தம்பி எல்லாவற்றையும் விளக்கினான். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். லாரி ஓட்டுகிறவளுக்குக் கால் பிரேக்கைப் பற்றிப் பாடமா?

இறங்கியது அழகாகத்தான் இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் கை பழக்கதோஷத்தில் முன்பலகைக்குக் கீழே கைப்பிடியைத் தேடித் துழாவியது. அங்கே கைப்பிடி இல்லை. ஒரு கை இருந்தது. தம்பியின் கை. அவனும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, விமானம் அது பாட்டுக்கு ஓடுபாதையைத் தாண்டி, புல்லில் புகுந்து, சலித்துப்போய்த் தானே நின்றது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. அக்கா எஞ்சினை அணைத்தாள். பிறகு தன் கைக்குள் இருந்த தம்பியின் கையைப் பார்த்தாள்.

"நான் தேடினேன், சரி. நீ எதுக்குடா தேடின?"

"பழக்கம்க்கா."

"என்ன பழக்கம்?"

தம்பி ஜன்னல் வழியே புல்லை ஆராய்ந்தான். அக்காவுக்கு மெல்ல உறைத்தது. பழைய விமானத்தில் அவள் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் அவன் கை ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது. வாத்தியார் கை அங்கேதான் இருக்கும்போல என்று அவளும் விட்டிருந்தாள்.

"அப்போ இத்தனை நாளும் நிறுத்தினது யாரு?"

"நீயும் இழுத்த."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்க்கா" என்றான் தம்பி. "நீ கை வைக்கிறதுக்குள்ள நான் இழுத்துடுவேன்."

"அப்போ நான் ஒப்புக்குச் சப்பாணி!"

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஊர் பூராவும் பீற்றிக்கொண்ட பெருமை அத்தனையும் இரவல். ஒரு விமானத்தைக்கூட அவள் நிறுத்தியதில்லை. 

"உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றான் தம்பி.

"அதுக்காக ஆயுசு முழுக்க எம் பக்கத்துல உக்காந்து வருவியா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது; கோபமும் குறையவில்லை. "நாளையிலேர்ந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்க. எடுத்தியோ, அறைஞ்சிடுவேன்."

மறுநாளிலிருந்து வாத்தியார் தன் கைமேல் தானே உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

அக்காவின் காலுக்கு விமானம் என்பது புரியவே இல்லை. நிறுத்து என்றதும் லாரிக்காரியின் இடது கால் கிளட்ச் என்று நினைத்து முதலில் ஓங்கி மிதிக்கும். வலது கால் அதன் பிறகுதான் நிதானமாக வந்து சேரும். விமானம் சட்டென்று இடதுபக்கம் திரும்பி, மெக்கானிக்கின் கொட்டகையைப் பார்க்கும். அவர் ஸ்பானரைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பிரேக்கையே குறை சொல்லிப் பார்த்தாள் அக்கா. ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்ற கதைதான். ஒரு தடவை தரையைத் தொடும்போதே பெடலின் மேல்பாதியில் கால் இருந்துவிட, டயர் ஒரே இடத்தில் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிந்தது.

"அம்மா தாயே, இது பத்து டன் லாரி இல்ல" என்றார் மெக்கானிக், புது டயரை உருட்டிக்கொண்டே. "இறங்கும்போது குதிகால் தரையில இருக்கட்டும். வேகம் குறைஞ்ச பொறவு காலை மேல நகத்துங்க. ரெண்டும் ஒண்ணா, மெதுவா."

குதிகால் தரையில் இருந்தால் விரல் எட்டாது; அதுதான் அவள் உயரம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வந்தது, பிறகு அதற்கு ஒரு துணைத் தலையணை. வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பயிற்சி நடந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிடும் கணவரின் பாதங்கள்தான் பெடல். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த சாது மனிதர். "இடது கொஞ்சம் ஜாஸ்தி" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்வார். சில வாரங்களில் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடிக்க ஆரம்பித்தார். விமானமும் கொட்டகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நேராக ஓடக் கற்றுக்கொண்டது.

ஒரு காலை, வரிசையாகச் சில தடவை இறங்கி ஏறிய பிறகு, தம்பி தன் பெல்ட்டைக் கழற்றினான். காற்று சரியாகத்தான் இருந்தது. மேகமும் அப்படியே. சாக்குச் சொல்ல அவன் வாயைத் திறந்ததும் உண்மை. அக்கா அவனையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கி, கதவைச் சாத்தி, அது சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, ஓடுபாதை ஓரத்துக்குப் போய் நின்றான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவன் பாரம் இல்லாததால் விமானம் சீக்கிரமே எழும்பியது. மேலே போனதும் அக்கா வலது இருக்கையைப் பார்த்தாள். காலி. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்தையும் தனக்குத்தானே அதட்டிச் சொல்லி, சுற்றை முடித்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கினாள்.

முதல் தடவை தனியாகப் பறந்தவர்கள் வேகத்தைக் குறைத்து, பக்கத்துப் பாதையில் திரும்பி, கொட்டகைக்கு வந்து சேர வேண்டும். அதுதான் முறை. அக்கா குதிகாலை மேலே நகர்த்தினாள். இரண்டு காலாலும் ஒன்றாக, மெதுவாக அழுத்தினாள். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே, ஓடுபாதையின் நட்டநடுவில், விமானம் அசையாமல் நின்றது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் ஒரு குரல் கரகரத்தது. "என்ன ஆச்சு? விமானத்துல ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏன் நின்னுடுச்சு?"

"அதுவா நிக்கலை" என்றாள் அக்கா. "நான் நிறுத்தினேன்."